அப்பா நட்டது, என் பெயருக்கு வந்தது

நகராண்மைக் கழகத்தின் நோட்டீஸ் எங்கள் வீட்டுக் கேட்டில் செருகியிருந்ததை முதலில் பார்த்தது அப்பாதான். பாயா ரும்புட்டில் இந்த வரிசை வீட்டை நான் கடன் போட்டு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. அம்மா போனபின் அப்பா என்னோடு வந்து நான்கு வருடம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பகல் முழுக்க நான் கிளினிக் கவுண்டரில் இருப்பேன், அப்பா பின்சந்தில் இருப்பார்.

பின்சந்து என்பது எங்கள் வரிசை வீடுகளுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே ஓடும் பாதை. அதில் யாரும் நடப்பதில்லை. மண் சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அப்பாவால் ஆகாது. அவர் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் கீரையோ மரவள்ளியோ போட்டுக்கொள்ளலாம். அதே பழக்கத்தில் இங்கேயும் மரவள்ளி, வாழை, வெண்டை என்று நட்டார். லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய் மேல் பழைய பலகைகளைப் போட்டு மூடி, அதன்மேல் தண்ணீர் வாளிகளை அடுக்கினார். நானும் வாழைப்பூப் பொரியலைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன்.

சந்தை அடைக்கும் செடிகளையும் லோங்காங் மேல் போட்ட பலகைகளையும் பதினான்கு நாளில் அகற்ற வேண்டும், தவறினால் அபராதம். நோட்டீஸில் இருந்தது இவ்வளவுதான். அன்றைக்குக் கிளினிக்கில் கூட்டம், இடுப்பு ஒடிந்து வந்திருந்தேன். அப்பா அந்தத் தாளை நீட்டியதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"எத்தன தடவ சொன்னேன்ப்பா? இது எஸ்டேட் இல்ல லா! இப்பப் பாருங்க, என் பேருல வந்திருக்கு."

உண்மையில் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்பா வாதம் செய்யவில்லை. "ஒம் பேருலயா வந்திருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் அப்பா இல்லை. அவர் துணிகள் இல்லை, பிரஷர் மாத்திரை டப்பா இல்லை. சோறு வடித்து மூடி வைத்திருந்தது. போனை அணைத்து வைத்திருந்தார். நான் கத்தியதற்குக் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். செலண்டாரில் இருக்கும் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, போன் போட்டேன்.

"இங்கதாம்மா இருக்காரு. ஆனா யாரு கேட்டாலும் இங்க இல்லன்னு சொல்லணுமாம்."

"எம்மேல கோவமா அத்த?"

"கோவமா? ஒன் வீடு போயிறக் கூடாதுன்னு பஸ்ஸு மாறி மாறி வந்து ஒக்காந்திருக்காரு. நீ வேற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது. வீட்டில் ஒருவர் தப்பு செய்தால் குடும்பமே பெட்டியைக் கட்ட வேண்டிவரும். அதனால் தப்பு செய்தவர் சில நாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்து கேட்டால், 'அவர் இங்க இல்லீங்க' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். மானேஜர் கோபம் ஆறியதும் ஆள் மெல்லத் திரும்பி வருவார். அப்பா எனக்காக அதைத்தான் செய்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அரை நாள் லீவு போட்டு நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், என் வயது இருக்கும். நட்டது என் அப்பா, வயதானவர், தோட்டத்தில் வாழ்ந்தவர் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யார் நட்டார் என்பது எங்களுக்குத் தேவையில்லை, வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்றார். சந்து தீயணைப்பு வண்டிக்கு. லோங்காங்கை மூடினால் தூர் வார முடியாது. வாளித் தண்ணீரில் கொசு வரும். சுத்தம் செய்தால் வந்து பார்ப்போம், அத்தோடு முடிந்தது. சுவருக்குள்ளே மிளகாயோ மல்லிகையோ உங்கள் இஷ்டம். இதற்காக யாரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்லமாட்டோம் என்று சிரித்தார்.

வரும்போது ஒரு சின்ன விதிப் புத்தகம் கொடுத்தார். காரிலேயே உட்கார்ந்து படித்தேன். ஆறு வருடமாக வீட்டுக்காரி என்று மார்தட்டியவள், அன்றைக்குத்தான் எது என்னுடையது, எது இல்லை என்று தெரிந்துகொண்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. தோட்டத்தில் விதி எதுவும் எங்கள் கைக்கு எழுத்தில் வந்ததில்லை. மானேஜர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அந்த முகத்தை அறுபது வயது வரைக்கும் படித்தவருக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை செலண்டாருக்குப் போனேன். அத்தை வீட்டு வாசலில் அப்பா பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். டாக்டர் பேசும்போது கேட்பதுபோலக் கேட்டார்.

"என்னப் பத்தி என்னம்மா கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலப்பா."

"நட்டது நாந்தான்னு சொல்லலியா?"

"சொன்னேனே. அது அவங்களுக்கு வேணாமாம். வீடு யாரு பேருல இருக்கோ அவங்கதானாம்."

நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அப்பா முகம் வாடிப்போனது. பேப்பரை மடித்தார்.

"தோட்டத்துல தப்பு செஞ்சா எம் பேரச் சொல்லிக் கூப்டுவாங்க," என்றார். "அப்ப ஒன் வீட்டுல நான் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு."

'என் பேருல வந்திருக்கு' என்று கத்தியவள் நான்தானே? அந்த ஆபீஸ் சொன்னதை அதற்கு முன்பே நான் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

"ஆபீசுக்கு ஒண்ணுதாம்ப்பா. எனக்கு இல்ல," என்றேன். அழுகை வந்துவிட்டது. "மூணு நாளா வேல முடிஞ்சு வந்து, உள்ள போகப் பிடிக்காம வாசல்லயே கார்ல ஒக்காந்திருக்கேன்."

"கார்லயா?" என்றார் அப்பா. "எவ்ளோ நேரம்?"

"இருட்டுற வரைக்கும்."

அப்பா உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்தார்.