ஒரே திரை, இரண்டு அளவு

காந்திபுரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த டி.டி.பி. சென்டரில் சில வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு நோட்டீஸ், மில் சங்கத் துண்டறிக்கை எல்லாம் அங்கே அடிப்போம். கம்ப்யூட்டர் ஒன்றுதான். காலையில் அதில் ஓர் அண்ணன் உட்காருவார், மதியத்துக்கு மேல் நான். அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மூடிப்போன ஒரு மில்லில், ஆட்களின் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்ததால் கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார்.

திரையில் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அவர் காலையில் டிஸ்ப்ளே செட்டிங்கை மாற்றிவிடுவார். எனக்கோ பக்கம் முழுதாகத் தெரிந்தால்தான் வேலை ஓடும். வந்ததும் பழையபடி சின்ன அளவுக்குக் கொண்டுபோவேன். ஒவ்வொரு தடவையும் திரை ஒரு கணம் இருண்டு, மானிட்டருக்குள் டக்கென்று ஒரு சத்தம் வரும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

சென்டரை நடத்திய அக்காவுக்குப் பழகவில்லை. கீழ்க்கடையில் டி.வி. ரிப்பேர் செய்பவரிடம் கேட்டிருக்கிறார். இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் பிக்சர் டியூப் போய்விடும் என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாள் மதியம், நாங்கள் இரண்டு பேரும் இருக்கும்போது அக்கா வந்து நின்றார்.

"ஏனுங்ணா, இனி ரெண்டு பேரும் அதைத் தொட வேண்டாமுங்க. நடு அளவுல வெச்சுப்போடுங்க. அம்மணி, உனக்கும்தான்."

"சரிங்க," என்றார் அண்ணன்.

நடு அளவு எனக்குக் கொஞ்சம் தொல்லை, அவ்வளவுதான். அண்ணனோ மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி குனிந்து உட்கார ஆரம்பித்தார். கழுத்து வலிக்கிறது என்று இடையிடையே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்பார். கவனமாக வேலை செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதம் காரமடையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை வந்தது. அண்ணன்தான் அடித்தார். மாப்பிள்ளையின் அப்பா புரூஃபில் பெயர்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அச்சான பிறகு பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். 'வாழ்த்த' என்பதில் ழகரத்துக்குப் புள்ளி இல்லை. கீழே 'சுற்றமும்' என்பதிலும் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை.

"இதை எப்படீங்க சம்பந்தி ஊட்டுக்குக் குடுக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

வேறு அடித்துத் தருவதாக அக்கா ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா படி இறங்கிப் போனதும் அக்கா அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க. எழுத்து பெருசா இருந்தா சமாளிச்சுப்போடுவேன். இந்த அளவுல புள்ளி தெரிய மாட்டேங்குதுங்க."

"முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்ணா."

"சொன்னா நிறுத்திப்போடுவீங்களோன்னு இருந்துட்டேனுங்க. ஒரு வேலை போனதே போதுமுங்க."

அக்கா பத்திரிகைக் கட்டை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

சில நாள் கழித்து பிரிண்டர் பார்க்க வந்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடம் அக்கா அதே கேள்வியைக் கேட்டார். அளவு மாற்றுவதால் மானிட்டர் கெடாது என்றார் அவர். டக்கென்ற சத்தம் உள்ளே இருக்கும் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் மாறுகிற சத்தம். நாளுக்கு ரெண்டு மூணு தடவை மாறினால் ஒன்றும் ஆகாது. திரை நொடிக்கு எத்தனை தடவை புதிதாகத் தீட்டப்படுகிறது என்பதற்கு ரெஃப்ரெஷ் ரேட் என்று இன்னொரு செட்டிங் இருக்கிறது. பழைய மானிட்டரில் அதை அது தாங்குகிற அளவுக்கு மேல் ஏற்றினால்தான் ஆபத்து, அதைத் தொடாதீர்கள் என்றார். அக்கா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அன்று சாயங்காலமே, "உங்க உங்க அளவுல வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டார்.

அண்ணனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அக்காதான். இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் முடிகிற வரை காலை வேலையையும் நான் பார்த்தேன். திரும்பி வந்த அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், நான் விட்டுப்போன சின்ன அளவிலேயே ஒரு நோட்டீஸைப் படித்துப் பார்த்தார்.

"தெரியுதுங்களா?" என்றேன்.

"நல்லாத் தெரியுதுங்க அம்மணி. திரை மேல இத்தனை தூசி இருக்குன்னு இப்பத்தான் தெரியுது."

ஈரத்துணி எடுத்து வந்து துடைத்தார். அதற்குப் பிறகும் அவர் பெரிய அளவில்தான் வேலை செய்தார். பழகிவிட்டது என்றார். நான் திருப்பூரில் ஒரு லேபிள் கம்பெனிக்குப் போகும் வரை அந்த மானிட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எப்போது மாற்றினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.