சேவலோடு வந்த பெண்

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பேருந்தில் என் பக்கத்தில் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒடுங்கிய முகம், காய்ச்சலில் கொட்டிய முடி அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அப்பா. அவர் காலடியில், கூடைக்குள் ஒரு சேவல். பாலசமுத்திரத்துக் குலசாமிக்குக் கொண்டுபோகிறார்கள்.

“ஒனக்காக நேர்ந்தது. நீ ஒரு வாயாவது சாப்பிடணும் தாயி,” என்றார் அவர்.

“எனக்காகத்தானே? அப்ப விட்ருங்கப்பா.”

“சாமிக்கு வாக்குக் குடுத்தாச்சு. நீ கெடந்த கெடப்பு எனக்குத்தான் தெரியும்!” குரல் உயர்ந்தது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பின்வாங்கவில்லை. “வெட்டுங்க. என் எலையில மட்டும் வெக்காதீங்க. இனி எப்பவுமே எனக்குக் கறி வேண்டாம்.”

அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் குனிந்து கூடையைத் தன் காலருகே இழுத்து வைத்துக்கொண்டார். பழனியில் இறங்க எழுந்தபோது, மகள் முகத்தைப் பார்க்காமலே அவர் சொன்னார்: “ஒனக்கு மட்டும் ரசம் வெக்கச் சொல்றேன்.”

அதுவரை கலங்காத பெண் அப்போதுதான் அழுதாள். கேட்டது கிடைத்த பிறகு ஏன் அழுதாள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.