தொலைபேசிப் புத்தகத்தில் வில்சன் சேர்

1987 அக்டோபர், சனிக்கிழமை காலை. ஒரு வார வேலையாக வந்திறங்கிய லண்டன் விமான நிலையத்தில் நீட்டிய படிவம் என்னிடம் குடும்பப் பெயர் கேட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படியொன்று கிடையாது. அப்பா பெயரை எழுதிவைத்தேன். அதிகாரி "மிஸ்டர் ராமசாமி" என்று கூப்பிட்டதும், செத்துப்போன அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

வெளியே அந்தோனி காத்திருந்தார். இலங்கை மன்னார்க்காரர், மண்டபம் அகதி முகாமில் எனக்குப் பழக்கம். இப்போது மனோர் பார்க்கில் ஒற்றை அறையில் இருக்கிறார். முகத்தில் சிரிப்பே இல்லை. அடைக்கலம் கேட்டிருந்தவரைக் குடிவரவு அதிகாரிகள் நம்பவில்லை என்று ரயிலில்தான் சொன்னார்.

"நான் மன்னார்ப் பெடியன் இல்லையாம், அண்ணை. இந்தியாவில இருந்து வந்து பொய் சொல்லுறனாம். வாற வெள்ளிக்குள்ள அத்தாட்சி குடுக்காட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

மன்னாரில் அவர் படித்த பள்ளிக்கூடம் எரிந்து, சான்றிதழெல்லாம் சாம்பலாகிவிட்டது. அங்கே ஆங்கிலம் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் லண்டன் திரும்பியிருந்தார். அவர் கடிதம் கொடுத்தால் பிழைக்கலாம்.

"பேரு என்ன?"

"வில்சன் சேர்."

நம்மூர்ச் 'சார்'தான் அவர்களுக்குச் 'சேர்'. எனக்கு உயிர் வந்தது. எங்கள் ஊரில் வில்சன் என்றால் தபால்காரர் ஒருவர்தான். யாரைக் கேட்டாலும் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள்.

திங்கள், காலை பத்து மணி. நூலகத்தில் தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தோம். வில்சன், வில்சன், அடுத்த பக்கமும் வில்சன், அதற்கடுத்ததும்! எனக்குத் தலை சுற்றியது. நூலகப் பெண் பெரிய மனிதர்களின் வரலாற்றுத் தொகுதியையும் எடுத்துத் தந்தார். கடற்படைத் தளபதி, பிஷப், ஓவியர், வானியலாளர், தூக்கில் தொங்கிய ஒருவன், எல்லாரும் வில்சன்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் உறவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னபோது பகீரென்றது. குடும்பப் பெயர் என்கிறீர்களே தாயே, எந்தக் குடும்பம்?

அந்தோனிக்கும் அதே நம்பிக்கைதான் இருந்தது. ஒரு வில்சனைப் பிடித்தால் மற்றவர்களை அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தார். தெருமுனைத் தொலைபேசிக் கூண்டில் பத்துப் பென்ஸ் நாணயங்களாகப் போட்டுப் பேசினோம். "உங்கள் சொந்தக்காரர் வில்சன்" என்று ஆரம்பித்ததுமே பலர் போனை வைத்துவிட்டார்கள்.

செவ்வாய், மாலை நான்கு மணி. நாற்பத்தோராவது வில்சன். மன்னாரில் இருந்தீர்களா என்று அந்தோனி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம், ஆர் கதைக்கிறது?" என்று மன்னார்த் தமிழில் கேட்டது ஒரு வெள்ளைக்காரக் குரல்.

பக்கத்தில் நின்ற எனக்குப் புல்லரித்துவிட்டது. வீடு செவன் கிங்ஸில், மனோர் பார்க்கிலிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தம்!

புதன், காலை பதினொரு மணி. கதவைத் திறந்த கிழவர் அந்தோனியை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த அந்தோனி? ஒரு வகுப்பிலயே ஆறு அந்தோனி இருந்தவங்கள். எனக்குத் தெரியேல்லை, தம்பி. தெரியாத ஆளுக்கு எழுதித் தர ஏலாது."

அந்தோனியின் முகம் செத்துவிட்டது. கதவு பாதி மூடியபோது அந்தோனி, வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டதுபோல், சட்டென்று கைகட்டி நிமிர்ந்தார்.

"இடாப்பில இருபத்திமூண்டாம் நம்பர், சேர்!"

கதவு நின்றது.

"இருபத்திமூண்டோ? சன்னல் கரை. மீன் வித்துப்போட்டுப் பிந்தி வாறவன். உள்ள வா."

அந்தோனி குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், அதில் வெட்கமில்லை.

வெள்ளி காலை கடிதம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை என்னை வழியனுப்ப வந்த அந்தோனியிடம் கேட்டேன்: "ஆமா, அவரோட சொந்தப் பேரு என்ன?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கேக்கேல்லையே, அண்ணை. எனக்கு அவர் வில்சன் சேர்தானே."