லாரித் தண்ணீரும் நீல நிறமும்

திருவொற்றியூரில் ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் அப்போது எனக்கு ஒரே வேலை. பாலிமர் கரைசலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். பாலிமர் இழைகளில் தண்ணீர் பிடிக்காத பகுதிகள் உள்ளே ஒதுங்கும், பிடித்தவை வெளியே நிற்கும். இழைகள் தாமாகவே நுண்ணிய உருண்டைகளாகக் கூடிவிடும். கூடியதும் கரைசலில் லேசாக நீலம் தட்டும்.

எனக்கோ அந்த வாரம் முழுக்கக் குடுவையில் திரிந்த பால் மாதிரிக் கலங்கல்தான் கிடைத்தது. மாதக்கணக்கில் நான் உருவாக்கிய பாலிமரே கோளாறு என்று முடிவுகட்டி, எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

வாசலில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. பக்கத்து அறையில் நிறம் ஒப்பிடும் தண்டையார்பேட்டைப் பெண், காலியாகிவிட்ட என் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அது காய்ச்சி வடித்த தண்ணீருக்கான கேன்.

"அத எங்க எடுத்துட்டுப் போற?"

"இன்னாக்கா கேக்குற? லாரி வந்துகீது, காலியா வச்சிகினு இருப்பாங்களா? போன தபாவும் நான்தான் ரொப்பி வச்சேன்."

லாரித் தண்ணீரின் உப்புதான் என் உருண்டைகளைக் கட்டி தட்ட வைத்திருக்கிறது! திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. பாலிமர் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

புது கேன் திறந்து மறுபடியும் சொட்டவிட்டேன். குடுவையில் மெல்ல நீலம் தட்டியது.

அடுத்த முறை ஹாரன் கேட்டபோது அவளோடு நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், என் கேனை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு.