திராட்சைக் கொடிக்குப் பூக் கேட்டோம்

"புஸ்தகத்துல திராட்சை காய்ச்சு நான் பாத்ததில்லீங்க அம்மணி."

அம்மா எனக்கு 'ங்க' போட்டுப் பேசினால் கோபமாக இருக்கிறாள் என்று பொருள். நான் நீட்டிய வேரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் பந்தலேறி நிற்கும் எங்கள் பன்னீர் திராட்சையின் வேர் அது. கடுகைக் கோத்தது போல நெடுக முடிச்சு. மண்ணிலிருக்கும் நூற்புழுவின் வேலை. கொடிக்கும் வயதாகிவிட்டது. போன பருவத்தில் குலைகள் கைப்பிடி அளவுகூட வரவில்லை. கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. நல்ல குச்சி ஒரே கிளையில்தான் மிச்சம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேளாண்மை படித்து, நன்றாகவே தேறினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கிளைகளை வெட்டிவிடும் இந்தக் கவாத்திலேயே குச்சி எடுத்து முன்வாசல் பக்கம் புது மண்ணில் நட வேண்டும், பழையதை வேரோடு எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். அடுத்த கவாத்து வரை பொறுத்தால் நடுவதற்கு உயிருள்ள குச்சியே இருக்காது.

ஊரார் தோட்டங்களில் கூலிக்குத் திராட்சை பறித்த அம்மா, தனக்கென்று வைத்த முதல் செடி அது. வீட்டுச் சுவர் எழும்பும் முன்பே பந்தல் போட்டவள்.

"இவ பொறக்கறதுக்கு முன்னாடி வெச்சது. வேரோட புடுங்கோணுமாமா," என்றாள் அப்பாவிடம்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்," என்றார்.

கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் எங்கள் பக்கம் அப்படித்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கேட்காமல் கொடியை எடுத்தால், பிறகு வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் காரணம் நான்தான். அவர்களோடு கோயிலுக்குப் போனேன்.

பூசாரி பொட்டலங்களை உருட்டிப் போட்டுவிட்டுக் குனிந்தார். அம்மா தடுத்தாள்.

"ஏனுங்க, அவளே எடுக்கட்டுங்க. படிச்ச கை."

குனிந்து இரண்டு பொட்டலங்களையும் உற்றுப் பார்த்தேன். நம்பாத ஒன்றுக்கு எதற்கு யோசிக்க வேண்டும் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வாழையிலை, ஒரே நூல். இடப்பக்கம் கிடந்ததை எடுத்தேன். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "இனி அதுல கத்தியே படக்கூடாது."

கத்தி படாவிட்டால் குச்சி ஏது?

"அதெப்புடி?" என்றார் அப்பா. "எடுக்கலாமான்னு கேட்டோம், கூடாதுன்னு வந்துச்சு. சரி, எடுக்க வேண்டாம். கவாத்து வருசா வருசம் பண்றதுதானே. அதுக்கு என்னைக்குப் பூக் கேட்டோம்?"

அம்மா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அப்பா ஏணியேறிக் கவாத்து செய்தார். கீழே விழுந்ததையெல்லாம் அம்மா பொறுக்கினாள். வெட்டிய குச்சி எங்கள் வீட்டில் வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். அந்த நல்ல கிளையின் குச்சிகளையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி அடுப்பு முன்னால் போட்டாள். தீப்பெட்டியை எடுத்தாள். நான் போய் அடுப்புக்கும் கட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதுல எனக்குக் கொஞ்சம் வேணும்மா."

தீக்குச்சியை உரசாமல் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"அடுப்புக்குப் போற வெறகுக்கு அம்மன்கிட்ட என்னத்தக் கேக்கறது," என்றாள் கடைசியில். "முளைக்கலீன்னா உன்ற சர்டிபிகேட்டத்தான் பந்தல்ல தொங்க உடுவேன், பாத்துக்க."

கட்டை அவிழ்த்து, பென்சில் பருமனில் பச்சை மாறாதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முன்வாசல் பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, கோயிலுக்குப் போகும் முன்பே குழி வெட்டி எரு கலந்து வைத்திருந்தேன். அதற்கு யாரிடமும் பூக் கேட்கவில்லை. மொட்டு மேலே பார்க்கும்படி குச்சிகளை ஊன்றி, மண்ணை அணைத்து மிதித்துவிட்டேன்.