இலைக்குள் போன ரீட்டெய்னர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜோகுபாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எச்சில் இலைகளைக் கிளறிக்கொண்டிருந்த பெண்மணியை உங்களில் யாராவது பார்த்திருந்தால்... அது நான்தான்.

"ஏனு ஹுடுக்தா இதீரா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார் இலை எடுப்பவர். என்ன தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்து பல்லைத் தொட்டுக் காட்டினேன். "பங்காரதா?" என்று ஆவலாகப் பக்கத்தில் வந்தார். தங்கம் இல்லை, பிளாஸ்டிக் என்றதும் மனுஷர் முகம் தொங்கிப்போய்விட்டது.

விஷயம் இதுதான். என் மகள் யாழினி பத்தாவது படிக்கிறாள். இரண்டு வருஷம் பல்லுக்குக் கிளிப் போட்டிருந்தாள். அந்த இரண்டு வருஷமும் முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் குட்டி பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கம்பி இடுக்கெல்லாம் சுத்தம் செய்வாள். "இன்னும் என்னடி பண்ற? ஸ்கூல் பஸ் போயிடும்!" என்று பாத்ரூம் கதவைத் தட்டுவது மட்டும்தான் என் பங்கு.

இரண்டு மாசத்துக்கு முன்னால் கிளிப்பைக் கழற்றினார்கள். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மறைத்த பெண், இப்போது கண்ணாடி முன்னால் நின்று தனியாகச் சிரித்துப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் கழற்றியதோடு கதை முடிவதில்லையாம். விட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் ரீட்டெய்னர் — கண்ணுக்கே தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் உறை. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். "இதுக்கு ரெண்டே எடம்தான். வாய், இல்லன்னா டப்பா. மூணாவது எடம் கெடையாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது இடத்தை நான் கண்டுபிடித்தேன்.

கல்யாணம் என் நாத்தனார் பையனுக்கு. புடவைக்குப் பொருத்தமாக ஒரு குட்டி ஜரிகைப் பை எடுத்தேன். ரீட்டெய்னர் டப்பாவோ கிளிப்பச்சை நிறத்தில் சோப்பு டப்பா சைஸ். உள்ளே வைத்தால் பை மூடவில்லை. டப்பாவை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பந்தியில் உட்கார்ந்ததும் யாழினி கேட்டாள்: "அம்மா, டப்பா?"

"டிஷ்யூல சுத்தி வச்சுக்கோ. ஒரு வேளைக்கு என்ன ஆயிடப் போவுது?"

சாப்பிட்டு முடித்தவள், "வாய் கொப்பளிச்சிட்டு வந்து மாட்டிக்கிறேன். இலை நுனியில டிஷ்யூ இருக்கு, பாத்துக்கோம்மா" என்று எழுந்து போனாள். "ம்... ம்..." என்றேன். பக்கத்து இலைக்காரம்மா கல்யாணப் பெண்ணின் நெக்லஸைப் பற்றி முக்கியமான தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து நின்றார். "என்ன, உன் பொண்ணு இலையைக்கூட மூடாம எழுந்துட்டா? சாப்பாடு புடிக்கலியா?"

எங்கள் வீட்டில் இலையைத் திறந்துபோட்டு எழுந்தால் விருந்து கொடுத்தவரை அவமதித்த மாதிரி. "ஐயோ, பிரமாதம் அண்ணி! சின்னப் பொண்ணு, மறந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே எட்டி அவள் இலையை மடித்து மூடினேன். நுனியில் ஒரு டிஷ்யூ கிடந்தது. கை துடைத்துப் போட்டதாக இருக்கும் என்று அதையும் சேர்த்துத்தான் மூடினேன். அடுத்த நிமிஷமே மேஜைப் பேப்பரோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

யாழினி ஓடி வந்தாள். "அம்மா, எங்கம்மா அது?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். பந்தி மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "பொறுப்பு இருக்காடி உனக்கு? ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சோமே! ஒரு பொருளைப் பாத்துக்கத் தெரியாது?" அவள் வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது. தப்பு செய்தவள் பேசாமல் நிற்கிறாள் என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் போட்டேன்.

அப்புறம்தான் அந்தக் குப்பை டிரம். நாற்பது, ஐம்பது இலைகளைப் பிரித்தபின் ஒன்றில் அந்த டிஷ்யூ. மடிப்பைப் பிரித்த அதே கணத்தில், அந்த இலையை மடித்தது யார் கை என்று எனக்கு நினைவு வந்துவிட்டது. சொன்னேனா? எங்கே! "கெடச்சிடுச்சு!" என்று உயர்த்திக் காட்டினேன். "அம்மான்னா அம்மாதான்" என்றார் நாத்தனார். நானும் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதுகூட உடம்பு கூசுகிறது.

இத்தோடு விட்டேனா? வீட்டுக்கு வந்ததும் சாம்பார் வாசனை போகட்டும், கிருமி சாகட்டும் என்று கொதிக்கிற வெந்நீரில் ரீட்டெய்னரைப் போட்டேன். எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது. "வெந்நீர்ல போடவே கூடாதும்மா! பச்சைத் தண்ணியும் பிரஷ்ஷும் போதும்னு டாக்டர் சொன்னாங்களே!" என்று யாழினி அலறினாள். டாக்டர் அதைச் சொன்னபோது நான் போனில் இருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "யாரு இதை வெந்நீர்ல போட்டது?"

சுவரில் தாடை எலும்புப் படம் ஒன்று மாட்டியிருந்தது. நான் அதை வெகு அக்கறையாகப் பார்த்தேன்.

"நான்தான் டாக்டர்" என்றாள் யாழினி.

"கிளிப்பை அவ்ளோ அழகா பாத்துக்கிட்டவ... நீயா இப்படிப் பண்ண?" டாக்டருக்கு நிஜமாகவே வருத்தம். என் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே ஒரு வார்த்தை, 'நான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிறேன், வாராவாரம் இந்தப் பக்கத்தில் எழுதி உங்களுக்குப் புத்தி சொல்கிறேன்... அந்தத் தாடை எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுசுக்கு அளவு கொடுத்துவிட்டு ஆட்டோவில் திரும்பும்போதுதான் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"இலையை மூடினதும் நீதாம்மா. கை கழுவற எடத்துலேர்ந்து பாத்தேன். ஓடி வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க."

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தையும் அவங்க சொந்தக்காரங்களும் எல்லாரும் இருந்தாங்கம்மா. அவ்ளோ பேர் முன்னாடி திட்டு வாங்கினா எப்படி இருக்கும்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. அது உனக்கு வேணாம்னு தோணுச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தார்.

அன்று சாயந்திரமே நாத்தனாருக்குப் போன் செய்து, இலையை மூடியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். இந்நேரம் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியட்டும். புது ரீட்டெய்னர் வாங்கப் போகும்போது டாக்டரம்மாவிடமும் சொல்ல வேண்டும்.

கிளிப்பச்சை டப்பா இப்போது என் ஜரிகைப் பையில்தான் இருக்கிறது. பை மூடவில்லை. பரவாயில்லை... அன்று பந்தியில் மூடியிருக்க வேண்டியது பையை இல்லை, என் வாயை!