பத்தடி முளை

காலை எழுந்ததும் முதல் வேலையாகச் செய்யூர் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கிருந்து கடற்கரைக்கு வந்து கட்டுமரத்தில் ஏறி, கடல் திட்டில் நிற்கும் பழைய லைட்ஹவுஸுக்குப் போனேன்.

அஸ்திவாரத்தை அலை அரித்துக்கொண்டிருக்கிறது. காவல்காரரோ, கடல் எவ்வளவு நெருங்குகிறது என்று அளக்க மணலில் நட்ட முளையைக் காட்டினார்.

"இன்னாம்மா பாக்குற? தண்ணிக்கும் முளைக்கும் எப்பவும் பத்தடிதான்."

"அதெப்படி?"

"அலை கிட்ட வந்தா புடுங்கி, பத்தடி தள்ளி நட்டுடுவேன். சும்மா வுட்டா முளைய அடிச்சிகினு பூடாதா?"

அவருடைய நோட்டில் ஒவ்வொரு மாதமும் 'மாற்றமில்லை'. அதைக் காட்டித்தான், மீனவக் குப்பத்தார் இங்கே போடக் கேட்ட தடுப்புக்கற்களை அதிகாரிகள் மறுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஓவர்சியர் கையெழுத்து. அதாவது, என் கணவருடையது. கட்டுமரம் என்றாலே தலைசுற்றும் அவருக்கு. திட்டில் கால் வைத்ததே இல்லையாம்; நோட்டுதான் மாதாமாதம் கரைக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்புமாம்.

வரும் ஞாயிறு அவரைக் கட்டுமரத்தில் ஏற்றப்போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.